வெள்ளிச் செல்லமும் சுருக்குப் பையும்

அண்மையில், உடையார்பாளையம் பக்கத்துப் பழைய வீடொன்றிலே, வெள்ளியாலான வெற்றிலைச் செல்லம் ஒன்றைக் கண்டேன். மூடியிலே கொடியும் கிளியும்; உள்ளே இலைக்கோர் அறை, பாக்குக்கோர் அறை, ஏலத்துக்கும் கிராம்புக்கும் தனித்தனிக் கிண்ணம்; மெல்லிய சங்கிலியிலே சின்னஞ்சிறு கரண்டி தொங்கும் சுண்ணாம்புக் கரண்டகம். அருகிலே பாக்குவெட்டி, துப்புவதற்கோ படிக்கம், அதுவும் வெள்ளி!

“எங்கள் பாட்டனார் காலத்துப் பெருமை” என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் வகுப்பிலே அந்த வேலைப்பாட்டை வியந்து பேசினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர் பெயர் என்ன?” என்றான். பட்டம் பெறுவதற்காக நான் படித்த வரலாற்று நூல்களில் அதற்கு விடை இல்லை. வாயடைத்து நின்றேன். அந்த வினாவுக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

தோழர்களே! வெற்றிலை அரண்மனையில் முளைத்ததன்று; கொடிக்காலிலே உழவன் நீர் பாய்ச்சி வளர்த்தது. பொருளெல்லாம் இழந்து மதுரை வந்த கோவலனுக்கு, ஆயர் குடியிலே கண்ணகி வாழையிலையில் சோறிட்டாள். உண்டு முடித்ததும் வெற்றிலையும் பாக்கும் தந்தாள். சிலப்பதிகாரம் காட்டும் காட்சி இது. அங்கே செல்லமும் இல்லை, ஏவலரும் இல்லை. அன்பு இருந்தது, இலை இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த எளிய இலைக்கு உயர்வு தாழ்வு கற்பித்தவர் யார்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகம் கண்ட மார்க்கோ போலோ, காயல் நகரத்து மக்கள் ஓயாது வெற்றிலை மென்றதைக் குறிக்கிறார். மன்னரும் பிரபுக்களும் கருப்பூரமும் மணப்பொருள்களும் கூட்டி மென்றனராம். ஒருவனை இழிவுபடுத்த எண்ணினால், மென்ற சாற்றை அவன் முகத்திலேயே உமிழ்ந்தனராம்! 1443ஆம் ஆண்டு விசயநகரம் வந்த அப்துர் ரசாக் என்னும் தூதருக்கு, மன்னர் வெற்றிலையும் கருப்பூரமும் பணமும் அளித்துச் சிறப்புச் செய்தார். கொடுத்தால் மதிப்பு, உமிழ்ந்தால் இழிவு. மனிதனின் தரத்தை அளக்கும் துலாக்கோலாகவே இலை மாறிவிட்டது.

மன்னர் மெல்லும் இலையை யார் மடித்துத் தருவது? நஞ்சு கலந்துவிட்டால் நாடே கைமாறுமே! ஆகவே நம்பிக்கைக்குரியவரிடமே அடைப்பை, அதாவது வெற்றிலைப் பை, ஒப்படைக்கப்பட்டது. அடைப்பைக்காரர் என்பது அரசவைப் பதவியாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் விசயநகர வரலாறு எழுதிய போர்ச்சுகீசியர் நூனிஸ், அந்நாட்டுப் பெருந்தலைவர் வரிசையிலே அடைப்ப நாயக்கரையும் சேர்க்கிறார். பேரரசன் பக்கத்தில் பையேந்தி நின்றவருக்குப் பெயரும் கிடைத்தது, நாடும் கிடைத்தது.

சிற்றூர்ப் பெட்டி தூக்கியவருக்கு என்ன கிடைத்தது?

நம் பகுதியையே பாருங்கள். அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் பாளையக்காரர்களாக இருந்தவர்கள் வெள்ளையர் ஆட்சியிலே ஜமீன்தார்களாயினர். இசை வல்ல கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையத்திலே ஆதரிக்கப்பெற்றார். அந்தச் செய்தியை உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்தார். புரவலர் பெயரும் நிலைத்தது, புலமையாளர் பெயரும் நிலைத்தது. நல்லதே! ஆனால் சபையிலே பாட்டு முழங்கிய வேளையில், ஓரத்திலே செல்லமேந்தி நின்றவன் பெயர்? செல்லத்தைச் செதுக்கிய தட்டாரின் பெயர்? பாக்கு வெட்டியவன், படிக்கம் கழுவியவள் பெயர்கள்? ஏடும் மறந்தது, நாடும் மறந்தது.

ஊருக்குள்ளும் இதே கதைதான். கோயிலிலே முதல் தாம்பூலம் யாருக்கு என்று வழக்கு மன்றம் வரை சென்று வாதாடினர் மேலோர் எனப்பட்டோர். அறுவடை செய்த உழைப்பாளியோ எட்டி நின்று துண்டை ஏந்தினான். கை படாமல் விழுந்தது வெற்றிலை. வயலிலே நாற்று நட்ட தாயின் இடுப்பிலே துணியால் தைத்த சுருக்குப் பை. அதற்குள் நாலு இலை, ஒரு துண்டுப் பாக்கு, தகர டப்பாவிலே சுண்ணாம்பு. அவள் மென்ற இலையும் சிவந்தது. ஜமீன்தார் மென்ற இலையும் சிவந்தது! பாக்கும் சுண்ணாம்பும் எச்சிலோடு கலந்தால் சிவப்பது இயற்கை. வெள்ளிப் பெட்டியில் இருந்ததாலே இலைக்கு ஒரு துளிச் சுவையும் கூடியதில்லை. கூடியது வைத்திருந்தவரின் ஆணவமே.

1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன் முறையை ஒழித்தது. செல்லங்கள் பரணுக்குப் போயின. பின்னர்ப் பழம்பொருள் வணிகர் கைக்குப் போயின. இன்று, “பழமை, பாரம்பரியம்” என்று சொல்லி விலை பேசுகிறார்கள்.

பெட்டியை உருக்கிவிடச் சொல்கிறேனா? இல்லை. அது கலைஞனின் கைத்திறன், காக்கப்பட வேண்டியது. பெட்டியைக் காப்போம், பழக்கத்தைப் போற்ற வேண்டா. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை உரைக்கிறது. மங்கலம் என்று சொல்லி மெல்வதாலே பாக்கின் நச்சுத் தன்மை மாறிவிடாது.

அரியலூரிலோ பெரம்பலூரிலோ இத்தகைய செல்லத்தைக் காட்சிக்கு வைக்கும் நாள் வந்தால், அதன் பக்கத்திலேயே ஒரு சுருக்குப் பையையும் வையுங்கள். “ஜமீன் காலத்து வெள்ளிச் செல்லம்” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். “இதைச் செய்தவர் ஒரு தட்டார், சுமந்தவர் ஓர் ஏவலர், இருவர் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை” என்றும் எழுதுங்கள்.

உங்கள் ஊரில் முதியோர் இன்னும் இருக்கின்றனர். பெட்டி யார் வீட்டில் இருந்தது என்று கேட்பதோடு நில்லாமல், தூக்கியவர் யார் என்றும் கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் குறித்து வையுங்கள். என் மாணவனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. உங்களில் ஒருவராவது சொல்ல முடியும்.