நிலம் வந்த வழியும் வருகையாளர் நுழைந்த வழியும்: அமெரிக்கக் காட்டுயிர்ப் புகலிடச் சட்டத்தின் வளர்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காட்டுயிர்ப் புகலிடம் என்பது, தேசியப் பூங்காவைப்போல மக்கள் கண்டு மகிழ்வதையும் தன் அடிப்படை நோக்கமாகக் கொண்டதன்று. பறவை, விலங்கு, மீன், தாவரம் ஆகியவற்றின் வாழிடத்தைக் காப்பதற்கென்றே கூட்டரசு ஒதுக்கிவைத்த நிலமாகும். இன்று 570க்கும் மேற்பட்ட புகலிடங்கள் உள்ளன. அவற்றுள் மனிதர் எந்த அளவுக்கு நுழையலாம் என்னும் வினா, அந்நிலம் யாருடைய பணத்தால், எந்தெந்த உரிமைகளோடு பெறப்பட்டது என்பதோடு தொடக்கத்திலிருந்தே பின்னிக் கிடந்தது.

1903 மார்ச் 14 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட், புளோரிடாவின் இந்தியன் ரிவர் உப்பங்கழியிலுள்ள பெலிக்கன் தீவை அங்குள்ள பறவைகளின் இனப்பெருக்க இடமாக ஒதுக்கி ஆணையிட்டபோது இத்தகைய சிக்கல் ஏதும் தோன்றவில்லை. தீவு ஏற்கெனவே அரசு நிலம். தொப்பி அலங்காரத்துக்கான இறகு வணிகத்தால் பறவைகள் அழிந்துகொண்டிருந்தமையால், வேட்டையாடிகளைத் தடுப்பதே பாதுகாப்பின் முழுப் பொருளாக இருந்தது. முதல் காவலரான பால் குரோகல் என்பவருக்கு ஊதியம் தரக்கூட அரசிடம் நிதி ஒதுக்கீடு இல்லை. மாதம் 1 டாலரைப் பறவை ஆர்வலர் அமைப்பினரே அளித்தனர்.

ஆணையால் ஒதுக்கத்தக்க அரசு நிலத்துக்கு எல்லை உண்டு. வாத்துகள் இனம்பெருக்கும் சதுப்புகளோ பெரும்பாலும் உழவர்களின் கையில் இருந்தன. 1929ஆம் ஆண்டின் வலசைப் பறவைப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளுக்குத் தீண்டப்படாத புகலிடங்களாக நிலம் வாங்க அதிகாரம் அளித்தது. ஆனால் நிலையான நிதிக்கு வழிசெய்யவில்லை. அக்குறையை 1934ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்வோர், வருவாய் வில்லையைப் போன்ற கூட்டரசு வில்லை ஒன்றை 1 டாலருக்கு வாங்கவேண்டும் என்றும், அத்தொகை புகலிடங்களுக்கே செலவாகவேண்டும் என்றும் அது விதித்தது. முதல் வில்லைக்கான ஓவியத்தை வரைந்தவர், அப்போது உயிரியல் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த கேலிச்சித்திரக்காரர் ஜே. என். டார்லிங். வாத்தைச் சுடுவோரின் காசே வாத்துக்கு நிலம் வாங்கித்தந்த இவ்வேற்பாடு நிதி நோக்கில் பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. எனினும் பணம் கொடுத்தவர் பங்கு கேட்பது இயல்பு. வில்லை நிதியால் பெற்ற புகலிடத்தில் 25 விழுக்காட்டுப் பரப்பை வேட்டைக்குத் திறக்க 1949இல் சட்டம் இடமளித்தது. 1958இல் அவ்வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது. தீண்டப்படாமை என்னும் கொள்கை தளர்ந்தது இங்கேதான். பின்னாளில் வந்த படகோட்டிகளும் முகாமிடுவோரும் ஏற்கெனவே திறந்திருந்த வாயிலின் வழியாகவே நுழைந்தனர்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் காரும் ஓய்வுநேரமும் பெருகியதால் புகலிடங்களில் கூட்டம் மிகுந்தது. பொழுதுபோக்கு என்பது புகலிடத்தின் முதன்மை நோக்கத்துக்கு இடையூறாகாமல், அதைக் கண்காணிக்க நிதியிருந்தால் மட்டுமே அனுமதிக்கத்தக்கது என்று 1962ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. சிதறிக் கிடந்த புகலிடங்களை ஒரே அமைப்பாக்கிய 1966ஆம் ஆண்டுச் சட்டம், எப்பயன்பாடும் புகலிடம் நிறுவப்பட்ட நோக்கத்தோடு இணங்கவேண்டும் என்றது. இணக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை வெளிப்படுத்தியது நெவாடா மாநிலத்தின் ரூபி ஏரி வழக்கு. 1938இல் நிறுவப்பட்ட இச்சதுப்புப் புகலிடத்தில், கான்வாஸ்பேக், ரெட்ஹெட் என்னும் வாத்தினங்கள் கூடுகட்டும் நீர்ப்பரப்பில் விசைப்படகுகள் ஓடின. 1978இல் கூட்டரசு நீதிமன்றம் அவற்றை அனுமதித்த படகு விதிகளைத் தள்ளியதோடு, நெடுங்கால வழக்கமோ பொருளாதார, அரசியல் நலன்களோ முதன்மை நோக்கத்துக்கு எதிர்த்தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்றும், தீங்கில்லை என்று காட்டவேண்டியது அனுமதிக்கும் அரசே என்றும் தெளிவாக்கியது. புகலிடச் சட்ட வரலாற்றில் பெரிய பரப்பை வாங்கிய எந்த ஆண்டையும்விட இத்தீர்ப்பே முக்கியமானது எனலாம்.

ஆனால் அத்தீர்ப்பு ஓர் ஏரிக்கு உரியதாகவே நின்றுவிட்டது. 1989இல் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 60 விழுக்காட்டுப் புகலிடங்களில் தீங்கான பயன்பாடு ஏதேனும் நடப்பதாக மேலாளர்களே தெரிவித்தனர். உள்ளூர் அழுத்தம் ஒரு காரணம்; நிலம் பெற்ற முறை மற்றொன்று. பல இடங்களில் அரசு மேற்பரப்பை மட்டுமே பெற்றிருந்தது. அடிநிலக் கனிம உரிமையும், நீர்வழிகளின் மீதான அதிகாரமும், வான்வெளியும் பிறரிடம் இருந்தன. அத்தகைய இடத்தில் எல்லைப் பலகை நட்டதால் மட்டும் விசைப்படகையோ போர்விமானப் பயிற்சியையோ மேலாளரால் நிறுத்த இயலவில்லை.

1997 அக்டோபரில் இயற்றப்பட்ட மேம்பாட்டுச் சட்டம் இக்குழப்பத்துக்கு ஒழுங்கு தந்தது. வேட்டை, மீன்பிடிப்பு, காட்டுயிர் காணல், ஒளிப்படமெடுத்தல், சுற்றுச்சூழல் கல்வி, இயற்கை விளக்கம் ஆகிய ஆறும் இணக்கமானவையாக இருப்பின் முன்னுரிமை பெறும்; பிற பயன்பாடுகள் அவற்றுக்குப் பின்னரே. புதிய பயன்பாடு எதற்கும் முன்னதாக மேலாளர் எழுத்துவடிவில் இணக்க முடிவை ஆயத்தப்படுத்தி, மக்கள் கருத்தையும் கேட்கவேண்டும். 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆறு பயன்பாடுகளின் முடிவு 15 ஆண்டுக்கு ஒருமுறையும் பிறவற்றின் முடிவு 10 ஆண்டுக்கு ஒருமுறையும் மறு ஆய்வுக்கு வரும். தேசியக் காடுகள் மூடப்படும்வரை திறந்திருப்பவை; புகலிடங்களோ திறக்கப்படும்வரை மூடியிருப்பவை என்னும் வேறுபாடு இவ்வாறு உறுதிப்பட்டது. ஒரு பயன்பாட்டை மேலாண்மை செய்யப் போதிய ஆளும் நிதியும் இல்லாவிடில் அதுவும் இணக்கமற்றதே என்கின்றன அவ்விதிகள். ஆகவே ஊழியர் குறையும் புகலிடத்தில் சட்டப்படி முதலில் குறையவேண்டியது வருகையாளர் வசதியே.