குரலைக் காத்த பேழை

ஓலைச்சுவடி தமிழருக்கு நூல்களைக் காத்துத் தந்தது. குரலைக் காத்துத் தரவில்லை. சங்கப் பாடல்களைப் பாணர் எவ்வாறு பாடினர் என்பதை இன்று நாம் ஊகித்தே அறிய வேண்டியிருக்கின்றது. எழுத்தறியாத பாட்டியின் தாலாட்டும், நடவுப் பாட்டும், இழவு வீட்டு ஒப்பாரியும் ஓலையைக்கூட எட்டாமல் பாடியவரோடு மறைந்தன. இக்குறை நீங்கத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். வானொலி நிலையத்தார்க்கும் இசைத்தட்டு நிறுவனத்தார்க்கும் மட்டுமே உரியதாயிருந்த ஒலிப்பதிவை எளியவர் வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தது, நாம் ‘டேப் ரிக்கார்டர்’ என்று வழங்கிய சிறு கருவியேயாகும்.

காந்த ஒலிப்பதிவின் பிறப்பு 1898ஆம் ஆண்டு. டென்மார்க்கு நாட்டு வால்டெமார் பௌல்சன் எஃகுக் கம்பியில் குரலைப் பதிந்து காட்டினார். முப்பது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் பிரிட்ஸ் ஃப்ளூமர் என்பார் கம்பிக்கு மாற்றாகக் காகித நாடாவில் இரும்புத் துகளைப் பூசினார். 1935இல் பெர்லின் பொருட்காட்சியில் ‘மேக்னட்டோபோன்’ என்னும் நாடாக் கருவி மக்கள் பார்வைக்கு வந்தது. ஆயினும் இவையெல்லாம் பெருஞ் சக்கரங்களில் நாடாவைச் சுற்றும் பளுவான கருவிகள். வீட்டுப் பெண்கள் கைவைக்க அஞ்சுவர். நாடாவைப் பொருத்துவதே ஒரு வித்தை.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அதே பெர்லின் நகரில் சிறிய ஒலிப்பேழையை, அதாவது கேசட்டை, வெளியிட்டது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் லூ ஓட்டன்ஸ் என்னும் டச்சுப் பொறியாளரின் குழு அதனை உருவாக்கியது. ஓட்டன்ஸ் முதலில் தம் சட்டைப் பையில் அடங்கும் அளவிற்கு ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொண்டு, கருவி இதைவிடப் பெரிதாகலாகாது என்று வரையறுத்தாராம். அக்கட்டை பின்னர் ஒரு நாள் கார்ச் சக்கரம் மாற்றுகையில் ஜாக்கிக்கு அணையாக வைக்கப்பட்டு அங்கேயே தொலைந்தது என்பர். அருங்காட்சியகத்தில் இருந்திருக்க வேண்டிய பொருள்! ஓட்டன்ஸ் 2021ஆம் ஆண்டில் தமது 94ஆம் அகவையில் காலமானார். பிலிப்ஸார் இவ்வமைப்பைப் பிற நிறுவனங்களும் கட்டணமின்றிச் செய்ய இசைந்தமையால், எந்நாட்டுக் கேசட்டும் எந்நாட்டுக் கருவியிலும் ஓடியது. இதன் உலகப் பரவலுக்கு இவ்விசைவே முதற்காரணம் என்பது என் துணிபு.

தமிழகத்தில் ஒலிப்பதிவின் பயனைக் காட்டும் சிறந்த சான்று கொங்கு நாட்டில் உள்ளது. பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் 1965இல் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் அண்ணன்மார் கதையைப் பதினெட்டு இரவுகள் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். அது கேசட் நம் நாட்டிற்கு வராத காலம். அப்பதிவே பின்னர் எழுத்தில் பெயர்க்கப்பட்டு, 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக நூலாயிற்று. உடுக்கையோசை ஓய்ந்த பின்னும் கதை நமக்குக் கிடைத்தது நாடாவினால்தான்.

1970களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற மலையாளிகளும் தமிழரும் விடுப்பில் திரும்புகையில் ஜப்பானியக் கருவிகளைச் சுமந்து வந்தனர். கேரளத்தில் கடிதத்திற்கு மாற்றாகக் கேசட்டே அக்கரை சென்று வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மகனுக்கு ‘எழுத’ முடிந்தது. இடையில் படித்துச் சொல்ல ஓர் அயலார் வேண்டியிருக்கவில்லை. தமிழகத்திலோ வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவுகள் வீடுதோறும் ஒலித்தன. 1984இல் வெளிவந்த ‘விதி’ திரைப்படத்தின் நீதிமன்ற உரையாடல் தேநீர்க் கடைகள்தோறும் முழங்கியது.

இனி, நம் அருகிலுள்ள மட்டாஞ்சேரிக்கு வருவோம். அங்கு 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியைக் காணாதவர் நம்மில் அரியர். ஆனால் கொச்சி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடி வந்த பாடல்களைப் பற்றி அறிந்தவர் சிலரே. அப்பாடல்களை அப்பெண்கள் கையேடுகளில் எழுதிவைத்தனர். மெட்டை மட்டும் நெஞ்சில் வைத்தனர். 1950களில் அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். மட்டாஞ்சேரியில் 1912இல் பிறந்து, 1951இல் அந்நாடு சென்ற ரூபி டேனியல் அம்மையார் பல பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பார்பரா ஜான்சன் முதலான ஆய்வாளர் 1970களிலிருந்து கேரளத்திலும் இஸ்ரேலிலும் முதிய பெண்களைத் தேடிச் சென்று அவர்கள் குரலைப் பதிந்தனர். 2004இல் எருசலேமிலிருந்து அப்பதிவுகள் இசைத்தகடாக வெளிவந்தன. எனினும், ஏட்டில் சொல் இருந்தும் மெட்டு மறைந்துபோன பாடல்கள் பல. பதிவு செய்வார் வரும் முன்னரே பாடுவார் போய்விட்டனர். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது பிறர் கதை அன்று.

1947இல் ஃபாக்ட் ஆலை உரம் செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து ஏலூரில் தொழில் நாடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்தம் வீட்டு அலமாரிகளில் பழைய கேசட்டுகள் இன்றும் உறங்குகின்றன. சினிமாப் பாட்டுக் கேசட்டுகளைப் பற்றி நான் கவலுறவில்லை. அவை வேறெங்கும் கிடைக்கும். ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தபோது பதிந்த தாலாட்டும், சங்க விழாவில் பிள்ளைகள் பேசிய பேச்சும் உலகில் ஒரே படிதான் உண்டு. அக்காலக் கருவிகள் ஒலியளவைத் தாமே கூட்டிக் குறைத்துக் கொள்ளும் இயல்பின. பேசுவோர் சற்று நிறுத்தினால், சுற்றுப்புற ஓசை மேலெழும். ஆகவே பாட்டியின் குரலுக்கு இடையே பெரியாற்றங்கரை மழையும் அடுக்களை ஓசையும் கேட்கக்கூடும். அன்று இடையூறாகத் தோன்றிய அவ்வோசையே இன்று கிடைத்தற்கரியது.

நாடா என்பது பாலியெஸ்டர்த் தகட்டின்மேல் பசையால் ஒட்டிய இரும்பு ஆக்சைடு, அகலம் 3.81 மில்லிமீட்டர். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வீதம் ஓடி, அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்திற்கு முப்பது நிமிடம் பாடும். 90 நிமிட நாடா அதனினும் மெல்லியது. 120 நிமிட நாடா மிக மெல்லியது, எளிதில் சிக்கும். கொச்சியின் ஈரக்காற்று இதற்குப் பெரும் பகை. கேசட்டின் சிறு கண்ணாடி வழியே நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்பொடி தென்பட்டால் அது பூஞ்சணம். அத்தகையதைக் கருவியில் இடலாகாது. கருவியின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதனைத் துறையறிந்தாரிடம் ஒப்படைப்பதே தக்கது.

நல்ல நிலையில் உள்ளவற்றை இயக்கும் முன், முதுகுப்புறத்தில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை ஒடித்துவிடுக. அவை இருக்கும்வரை சிவப்புப் பொத்தானில் தவறிப் படும் ஒரு விரல் பாட்டியை அழித்துவிடும். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத் திண்டு உதிர்ந்திருக்கின்றதா எனவும் நோக்குக. பின்பு பென்சிலைச் செருகிச் சற்றே சுழற்றித் தளர்வை நீக்கி, ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றியபின் ஓடவிடலாம்.

கருவியைப் பொறுத்தவரை, பல்லாண்டு கிடந்ததன் ரப்பர் வார்கள் பிசினாக உருகியிருக்கும். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். வாரை மாற்றித் தருவோர் இன்னும் சிலர் உளர். ஒலி மங்கினால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சினால் தலையையும், நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் துடைக்க வேண்டும். தண்டோடு பொருந்தும் ரப்பர் உருளைக்கு ஈரத்துணியே போதும். கேசட்டுகளை ஒலிபெருக்கியின் காந்தத்திற்கு அருகே வையாமல், நிமிர்த்தி அடுக்குக.

காதொலிக் குழாயின் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்கு இணைத்துப் படி எடுத்துவிடலாம். ‘எம்.பி. 3’ ஆகச் சுருக்காமல் ‘வேவ்’ கோப்பாகவே முதற்படியை வைத்து, மற்றொரு படியை வேற்றூரில் உள்ள உறவினரிடம் தருக. அலுவலகத்தில் நாளும் எண்ணும் இல்லாத தாள் மேசையை விட்டு நகராது. வீட்டுக் கேசட்டின் அட்டையிலோ பெரும்பாலும் ‘அம்மா’ என்று மட்டுமே எழுதியிருக்கும். எவருடைய அம்மா? எந்த ஆண்டு? எவ்வூர்ப் பாட்டு? குரலை இன்னாருடையது என்று அறிந்து சொல்லவல்ல பெரியவர் வீட்டில் இருக்கும்போதே அவரை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்து, அவர் சொல்வதைப் படியோடு சேர்த்தே பதிந்து வைக்க வேண்டும்.