கையெழுத்தும் சம்மதமும்: மலையகத் தோட்டங்களின் மருத்துவ வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

மருத்துவப் படிப்பை முடித்து, மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் உள்ளகப் பயிற்சி பெற்றுவரும் இளம் வைத்தியர் ஒருவர் அண்மையில் என்னைச் சந்திக்க வந்திருந்தார். நண்பரொருவரின் மகள். யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவர். பேச்சினிடையே அவர் சொன்ன செய்தியொன்று என்னை விட்டகலவில்லை.

"ஐயா, பிள்ளைப்பேற்றுக்கு வரும் தோட்டத்துப் பெண்களிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கும் வேலை பெரும்பாலும் எங்களைப் போன்ற புதியவர்களிடந்தான் வரும். நான் தமிழிலேயே விளங்கப்படுத்துகிறேன். அவர்களும் தலையாட்டிவிட்டு ஒப்பமிடுகிறார்கள். ஆனால், இன்றுவரை ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. சட்டப்படி எல்லாம் சரிதான். ஆனாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை."

அந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்று அன்று அவரிடம் சொன்னேன். அதை முழுமையாக விளக்க நேரம் போதவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கோப்பிக் காலத்திலிருந்தே தொடங்கவேண்டும். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் வழியிலும் தோட்டங்களிலும் நோயுற்று மடிந்தமை பெருஞ்சிக்கலாக உருவெடுத்தபோது, 1872 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் 1912 ஆம் ஆண்டில் அது விரிவாக்கப்பட்டது. நோயுற்ற தொழிலாளியைக் கவனிப்பதும், வைத்தியசாலைக்கு அனுப்புவதும், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் அளிப்பதும் தோட்டத் துரையின் கடமைகள் என்று அச்சட்டம் விதித்தது. அந்நாளைய நோக்கில் இவை நற்செயல்களே. அந்த ஏற்பாடுகளால் பல உயிர்கள் பிழைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால், அச்சட்டத்தின் அமைப்பை உற்றுநோக்க வேண்டும். யார் நோயாளி, யார் வேலைக்குத் தகுதியானவர், யார் வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்ற முடிவுகள் யாவும் துரையின் கையில் வந்து சேர்ந்தன. காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் அதே அதிகாரமே காய்ச்சலா சோம்பலா என்பதையும் தீர்மானித்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவரும் தோட்டத்திடமே சம்பளம் வாங்கினார். மருத்துவமும் வேலையும் ஒரே கையிலிருந்து வந்தபோது, ஒன்றை மறுத்து மற்றொன்றை வைத்துக்கொள்ளத் தொழிலாளிக்கு வழியிருக்கவில்லை.

மறுப்பதென்பது அன்று வெறும் பண்புக் குறைவாகவும் கருதப்படவில்லை. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி, வேண்டுமென்றே கட்டளைக்குக் கீழ்ப்படியாமையும் அவமரியாதையாக நடப்பதும் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு நீங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். இந்தத் தண்டனை முறை 1920களின் தொடக்கம் வரை நீடித்தது. அதாவது, மூன்று தலைமுறைகளுக்கு "மாட்டேன்" என்ற சொல்லே சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது.

இந்தப் பின்னணியிலேதான் தோட்டங்களில் முதலாவது பெரும் மருத்துவ இயக்கம் நடந்தது. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. வெறுங்காலுடன் நடப்பவர்களின் பாதத் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோகையை உண்டாக்கி உழைக்கும் வலுவைக் குறைக்கும். அதற்குக் கொடுக்கப்பட்ட முக்கிய மருந்துகளுள் ஒன்று கீனோபோடியம் என்னும் எண்ணெய். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. தொழிலாளரை ஒன்றுதிரட்டிக் கூட்டமாக மருந்து கொடுத்தார்கள். அவர்களுடைய அச்சத்தையும் தயக்கத்தையும் அறியாமை என்றே அன்றைய அதிகாரிகள் கொண்டார்கள்.

இந்த இயக்கத்தைப் பற்றி 1995 ஆம் ஆண்டில் நூலெழுதிய ஆய்வாளர் சோம ஹேவா, முக்கியமான ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுகிறார். மீண்டும் தொற்று ஏற்படாமல் தடுக்க மலசலகூடங்கள் வேண்டும். அவற்றைக் கட்டத் தோட்ட உரிமையாளருக்குப் பணம் செலவிட மனமில்லை. ஆகவே சீர்திருத்தம் லயத்தைத் தொடாமல் தொழிலாளியின் வயிற்றோடு நின்றுவிட்டது. நோயின் காரணம் சூழலில் இருக்க, சிகிச்சை மட்டும் உடலில் நடந்தது. அந்த உடலுக்கு உரியவரைக் கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இனி, இளம் வைத்தியரின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய காலத்துக்கு வருவோம்.

1958 ஆம் ஆண்டில் இலங்கை அரசும் சுவீடன் அரசும் குடும்பத் திட்டமிடல் தொடர்பாக ஓர் உடன்படிக்கை செய்தன. முன்னோடித் திட்டத்துக்கு இரண்டு இடங்கள் தெரிவாயின. ஒன்று பண்டாரகமைக் கிராமப் பகுதி. மற்றது நுவரெலியா மாவட்டத்து டயகமத் தோட்டப் பகுதி. 1965 ஆம் ஆண்டில் குடும்பத் திட்டமிடல் அரசின் சுகாதாரக் கொள்கையாயிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின்னர் தோட்டங்களும் அரசுடைமையாகின. இப்போது தொழில் வழங்குபவர், வீடு வழங்குபவர், மருந்து வழங்குபவர் ஆகிய மூவரும் அரசே என்ற நிலை உண்டானது.

1980 ஆம் ஆண்டில் நிரந்தரக் கருத்தடை செய்துகொள்வோருக்குப் பணம் வழங்கும் முறை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 100 ரூபாயில் தொடங்கிய இத்தொகை பின்னர் 500 ரூபாய் வரை உயர்ந்தது. கொழும்பிலே மாதச் சம்பளம் பெறும் ஒருவருக்கு அது சிறு உதவியாக இருந்திருக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அது பல நாள் உழைப்பின் கூலி. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் என்பதே 1984 ஆம் ஆண்டில்தான் தோட்டங்களில் கிடைத்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். மேலும், 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட பல்லாயிரம் பேர் அப்போதும் நாடற்றவர்களாகவே இருந்தனர். முறையிட ஒரு பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவுசெய்யும் வாக்கும் அவர்களிடம் இல்லை.

பத்திரிகைப் பணியிலிருந்த காலத்தில், அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வயதான ஓர் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அந்நாளில் "ஒப்பரேசன்" செய்துகொண்டவர். விரும்பித்தான் செய்தீர்களா என்று கேட்டேன். "அன்னைக்கு எல்லாரும் லொறியில ஏறுனாங்க ஐயா, நானும் ஏறுனேன்" என்றார். வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படிச் சொல்லலாம்னு யாரும் சொல்லலையே" என்றார். அவர் குரலில் கோபமில்லை. நான்தான் புரியாத கேள்வி கேட்டவன்போல் நின்றேன்.

நாட்டின் ஏனைய பகுதிகளுடன் ஒப்பிடுகையில், பெருந்தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடையின் விகிதம் வெகு அதிகம் என்பதை அரசின் சனத்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளே காட்டியுள்ளன. மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில், இதனைக் "கருப்பைத் திருட்டு" என்னும் கடுமையான தலைப்பிட்டே எழுதினார்.

இவ்விடத்தில் நாம் மிகக் கவனமாக இருக்கவேண்டும். குறைவான பிள்ளைகள் போதும் என்று தாமாகவே முடிவெடுத்து, விரும்பிச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் தோட்டங்களில் ஏராளம். லய அறையின் நெருக்கடியும், பிள்ளைப்பேற்றின் ஆபத்தும், பள்ளிக்கு அனுப்பவேண்டிய பிள்ளைகளின் எதிர்காலமும் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் யாவரையும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று எழுதினால், அவர்களின் முடிவை நாமும் ஒருமுறை பறித்தவர்களாவோம்.

ஆதாரமற்ற குற்றச்சாட்டு எவ்வளவு தீங்கானது என்பதையும் இந்நாடு கண்டிருக்கிறது. 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில், குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளேடு முதற்பக்கத்தில் எழுதியது. அவர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அந்தப் பொய்க்கு நாடே கொந்தளித்தது. தோட்டத்துப் பெண்களின் சம்மதம் எவ்வாறு பெறப்பட்டது என்ற உண்மையான கேள்விக்கோ பல பத்தாண்டுகளாக முதற்பக்கத்தில் இடமிருந்ததில்லை. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே, எத்தனை சத்திரசிகிச்சைகள் நடந்தன என்ற எண்ணிக்கையைவிட, அவை ஒவ்வொன்றுக்கும் முன்னர் நடந்த உரையாடல் எத்தகையது என்பதே முதன்மையான கேள்வி. உலகின் மருத்துவ அறநெறியும் இதே முடிவுக்கே வந்துசேர்ந்திருக்கிறது. நாசி மருத்துவர்களின் கொடும் பரிசோதனைகளுக்குப் பின்னர், 1947 ஆம் ஆண்டின் நியூரம்பேர்க் நெறிக்கோவை தன்விருப்பான சம்மதத்தை முதல் விதியாக்கியது. ஆராய்ச்சிக்கென எழுதப்பட்ட அவ்விதியின் கருத்து, காலப்போக்கில் அன்றாடச் சிகிச்சைக்கும் உரியதாயிற்று.

நம் தோட்டங்களுக்கு மிக அண்மையாக எனக்குத் தோன்றும் வழக்கு, தூரத்து ஹங்கேரியில் நடந்தது. 2001 ஆம் ஆண்டு ஜனவரியில் ரோமா இனப் பெண்ணொருவர் கருச்சிதைவுற்று இரத்தப்போக்குடன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். கையால் கிறுக்கி எழுதப்பட்ட குறிப்பொன்றில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். கருத்தடை என்பதற்கு அதில் எழுதப்பட்டிருந்தது ஓர் இலத்தீன் சொல். அவருக்கு அது விளங்கவில்லை. வந்துசேர்ந்த 17 நிமிடங்களுக்குள் சத்திரசிகிச்சையும் கருத்தடையும் முடிந்துவிட்டன. ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்சம் ஒழிப்புக் குழு, 2006 ஆம் ஆண்டில் அப்பெண்ணின் பக்கமே தீர்ப்பளித்தது. கையெழுத்து இருந்தது, சம்மதம் இருக்கவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டில் சமீரா கோலி வழக்கில் வழங்கிய தீர்ப்பும் நோக்கத்தக்கது. பரிசோதனைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் தாயாரிடம் சம்மதம் கேட்டு, அப்பெண்ணின் கருப்பை அகற்றப்பட்டது. நோயாளி வயதுவந்தவர், உயிராபத்தான அவசரமும் இல்லை. எனவே தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். கணவனின் கையெழுத்தையோ மாமியாரின் தலையசைப்பையோ போதுமென்று எண்ணும் எந்த வைத்தியசாலைக்கும் இது பொருந்தும். எதிர்காலக் கருத்தரிப்பைத் தடுக்கும் சத்திரசிகிச்சை ஒருபோதும் அவசரச் சிகிச்சை ஆகாது என்று உலக மகப்பேற்று மருத்துவர்களின் கூட்டமைப்பும் 2011 ஆம் ஆண்டில் தெளிவாக அறிவித்தது.

இலங்கையில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை டிக்கோயாவில் திறந்துவைக்கப்பட்டது. கட்டடங்கள் உயர்ந்துள்ளன. எனினும், தமிழ் பேசும் வைத்தியருக்கும் தாதியருக்கும் உள்ள தட்டுப்பாட்டினால், பக்கத்துக் கட்டில் நோயாளியே மொழிபெயர்ப்பாளராகும் நிலையைத் தோட்டத்து மக்கள் நன்கறிவார்கள்.

அந்த இளம் வைத்தியருக்குத் தமிழ் தெரியும். ஆயினும் அவர் முன்னால் இருக்கும் பெண் கேள்வி கேட்பதில்லை. வெள்ளை அங்கி அணிந்து கட்டிலருகே நிற்பவரை அவள் ஒரு தனி மனிதராகப் பார்க்கவில்லை. துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை, மருந்துச்சாலை ஐயா, லொறியுடன் வந்தவர் ஆகியோரின் நீண்ட வரிசையில் கடைசியாக வந்தவராகவே பார்க்கிறாள். அவள் பாட்டியும் தாயும் கற்றுக்கொடுத்த பாடம், தலையாட்டினால் வேலை முடியும் என்பதே.

ஆகவே அவருக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. பிள்ளைப்பேற்று நோவின்போது அந்தப் படிவத்தை எடுக்காதீர்கள். கருவுற்ற மாதங்களிலேயே, கணவரும் தோட்டத்து உத்தியோகத்தரும் அருகில் இல்லாத நேரத்தில், உட்கார்ந்து பேசுங்கள். "இனி ஒருபோதும் பிள்ளை பிறக்காது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தற்காலிக முறைகளும் உண்டென்று காட்டுங்கள். விளங்கியதா என்று கேட்டால் விளங்கியது என்றுதான் பதில் வரும். ஆதலால் விளங்கியதை அவரது சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாமென்றாலும் உங்களுக்கும் பிள்ளைக்கும் கிடைக்கும் கவனிப்பில் ஒரு குறையும் வராது என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அட்டன் லயத்து அம்மாவிடம் எவரும் சொல்லாத வார்த்தை அதுதான்.

என்றாவது ஒரு நாள் ஒரு பெண் உங்களிடம் "எனக்கு வேண்டாம் டொக்டர்" என்று சொல்லக்கூடும். மேலதிகாரி முகஞ்சுளிக்கலாம். அதை உங்கள் தோல்வியாக எண்ணிவிடாதீர்கள், மகளே. வேண்டாமென்று சொல்ல முடிந்த இடத்திலேதான் சம்மதமென்ற சொல்லுக்குப் பொருளுண்டு. அந்த ஒரு மறுப்புக்குப் பின்னரே உங்கள் கோவையிலுள்ள ஏனைய கையெழுத்துகளையும் நீங்கள் நம்பலாம்.