கோட்டைக்குள் ஒரு தையல் வகுப்பு

செங்கல்பட்டுக் கோட்டைக்குள் 1887ஆம் ஆண்டு சிறுவர் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டதை நம்மில் பலர் அறியோம். குற்றம் நிரூபிக்கப்பட்ட 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், 3 முதல் 7 ஆண்டுகள் வரை இத்தகைய பள்ளியில் வைக்க 1897ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அங்கே எழுத்தறிவோடு தையல், தச்சு முதலிய தொழில்களும் கற்பிக்கப்பட்டன. துணியை அளந்து வெட்டக் கணக்கும், அளவைக் குறித்துவைக்க எழுத்தும் தேவையல்லவா? ஆயினும் இவ்விரண்டும் ஒருசேரக் கிடைக்க, ஏழைச் சிறுவன் முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருந்ததே என்பது நம்மை உறுத்துகிறது. ஆதரவற்ற குழந்தைகளையும் இத்தகைய பள்ளிகளில் சேர்க்க 1920ஆம் ஆண்டு சென்னைச் சிறுவர் சட்டம் இடமளித்தது.

நம் மஹல்லாவிலும் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டுத் தையற்கடையில் காஜா எடுக்கும் பிள்ளைகள் உள்ளனர். மதரஸாவின் மேல்மாடி மாலை வேளைகளில் காலியாகவே கிடக்கிறது.