தொப்பியா, தலைப்பாகையா?

பரமத்தி வேலூர்ப் பக்கம் பள்ளிக்கூடப் பையன்களுக்குச் சாரணர் பயிற்சி தருகிற வாத்தியார் ஒருவர் அலுத்துக்கொண்டார். சம்பளமில்லாத வேலை வேறு! ‘‘முடிச்சுப் போடக்கூடப் பொறுமை இல்லீங்க. பழைய முறையெல்லாம் மாறிப்போச்சு!’’

எது சார் பழைய முறை?

1908-ல் பேடன் பவல் இங்கிலாந்தில் புத்தகம் எழுத, அடுத்த வருஷமே இந்தியாவுக்குச் சாரணர் படை வந்துவிட்டது. ஆனால் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும்! நம்மவர்களுக்கு இடமில்லை. பார்த்தார் அன்னி பெசன்ட். முதல் உலகப்போர் நடந்த சமயத்தில், அருண்டேலைச் சேர்த்துக்கொண்டு சென்னையில் தனிச் சங்கமே தொடங்கிவிட்டார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாட்டும் இந்தியப் பாட்டு! 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அவருடைய சங்கத்தோடு இது இணைந்தது. மாளவியாவின் சேவா சமிதி சாரணர்கள் மட்டும் சேரவில்லை. 1950 நவம்பர் 7-ல்தான் எல்லோரும் ஒரே குடைக்குள் வந்தார்கள். சாரணியர் அதற்கடுத்த வருஷம்.

வாத்தியாரிடம் சொன்னேன். யோசித்தார். ‘‘தலையில எதை வேணா வெச்சுக்கட்டுங்க. காவிரியில ஒருத்தன் தவறி விழுந்தா, வீசற கயித்துல முடிச்சு அவுந்துரக் கூடாதுல்லீங்க?’’ என்றபடி, ஒரு பையன் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தார். அவிழ்ந்தது. மறுபடி போடச் சொன்னார்.