நாகப்பாம்பு

நாகப்பாம்பு என்பது, அச்சுறுத்தப்பட்ட வேளையில் கழுத்துப் பகுதியை அகல விரித்துப் படமெடுக்கும் இயல்பும், மேல்தாடையின் முன்புறத்தில் மடங்காது நிலைத்திருக்கும் குட்டையான நச்சுப்பற்களும் உடைய பாம்பினங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். தமிழகத்திலும் ஈழத்திலும் இப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நினைவுக்கு வருவது, நல்ல பாம்பு என்றும் சர்ப்பம் என்றும் அரவம் என்றும் பலவாறு அழைக்கப்படும் பாம்பே; படத்தின் பின்புறத்தில் மூக்குக்கண்ணாடிக் குறி அமைந்திருப்பது இதன் சிறப்படையாளம். லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் விவரித்த இந்தப் பாம்பை இன்றைய விலங்கியலார் நாஜா நாஜா என்று குறிப்பர். கட்டுவிரியன், பவளப்பாம்பு, ஆப்பிரிக்கக் கண்டத்து மாம்பா, கடற்பாம்புகள் ஆகிய யாவும் இதனோடு எலாப்பிடே என்னும் ஒரே குடும்பத்தில் அடங்குபவை. எனினும் படம் என்னும் விசேஷம் அக்குடும்பத்தில் நாகங்களுக்கே பூரணமாக வாய்த்திருக்கிறது.

படம் என்பது தனியான ஓர் உறுப்பன்று. கழுத்தெலும்புகளோடு இணைந்த விலா எலும்புகள் உடலின் பிற பாகத்து விலா எலும்புகளைக் காட்டிலும் நீண்டும் வளைவு குறைந்தும் இருப்பதால், சாதாரண நிலையில் அவை முதுகெலும்பை ஒட்டிப் பின்னோக்கிப் படிந்து கிடக்கின்றன. பாம்பு வெருண்டபோது தசைகள் அவற்றை இழுத்து நிமிர்த்த, குடையின் கம்பிகள் விரியுங்கால் துணி இறுகுவதுபோல், தளர்ந்திருந்த கழுத்துத்தோல் இருபுறமும் இழுபட்டு அகன்று விடுகிறது. செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் அவற்றினிடையே மறைந்திருந்த தோலின் நிறமும் அப்போது வெளிப்படும். எந்தெந்தத் தசை எவ்வெலும்பை எவ்வாறு அசைக்கின்றது என்பதை, தசைகளில் எழும் மின்னோட்டத்தை அளந்து ஆராய்ந்து, புரூஸ் யங், கென்னத் கார்டாங் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2010ஆம் ஆண்டில் விளக்கினர். சுவாசத்துக்கு உதவவேண்டிய விலா எலும்புகள் இங்கே தோற்றம் காட்டுவதற்கென்றே மாறி அமைந்துவிட்டன என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று.

படமெடுக்கும் நாகம் தாக்கத் துணிந்துவிட்டது என்று மக்கள் கொள்வது இயல்பே. ஆனால் அதன் நடத்தையைக் கூர்ந்து நோக்குபவர் வேறு முடிவுக்கே வருவர். உடலின் முற்பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிலத்தினின்று உயர்த்தி, படத்தை விரித்து, உரத்துச் சீறி நிற்கும் அந்நிலையில், பாம்பு தன்னைப் பெரிதாக்கிக் காட்டி எதிரியை விலகச் செய்ய முயல்கிறது. விலகிச் செல்ல வழி கிடைத்தால் படத்தைச் சுருக்கிக்கொண்டு அதுவே முதலில் ஓடிவிடுகிறது. அவ்வாறு நிமிர்ந்து நிற்கும்போது அது விரியனைப்போல் மின்னல் வேகத்தில் பாய வல்லதன்று. முன்னோக்கிச் சாய்ந்து மேலிருந்து கீழாகவே கொத்துகிறது. வாயை மூடிக்கொண்டு மூக்கினால் மட்டும் இடித்துவிட்டு நிற்பதும் உண்டு. நஞ்சு என்பது இரையை வீழ்த்துவதற்காகப் பாம்பின் தேகம் அரும்பாடுபட்டுச் சேர்த்து வைக்கும் பொருளாதலால், உண்ண முடியாத பெரிய பிராணியின்மேல் அதனைச் செலவிடாதிருப்பதே அதற்கு லாபம். மனிதனைக் கடிக்கும் நாகங்களிற் பல, படமெடுத்து எச்சரிக்க அவகாசம் பெறாதவையே: இருளில் வரப்பில் நடப்பவன் காலடி மேலே விழுந்தபோதும், வைக்கோற்போரிலும் விறகடுக்கிலும் கை நுழைந்தபோதும் கடித்தவை அவை.

இலங்கை தொடங்கி இந்தியா முழுவதிலும், பாகிஸ்தான், வங்காள தேசம், தென் நேபாளம் ஆகிய பிரதேசங்களிலும் நல்ல பாம்பு பரவியுள்ளது. வளர்ந்த பாம்பு பொதுவாக ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை நீளமிருக்கும். இரண்டு மீட்டரை எட்டுவது அரிது. நிறமோ ஊருக்கு ஊர் வேறுபடும். கோதுமை நாகம், கருநாகம் என்று மக்கள் பிரித்துச் சொல்வனவற்றிற் பல ஒரே இனத்தின் நிறபேதங்களே. கண்ணாடிக் குறி சிலவற்றில் மங்கியோ அறவே இல்லாமலோ இருப்பதுண்டு. ஆகவே குறியில்லாத பாம்பைக் கண்டு நஞ்சற்றதென்று எண்ணுவது பேரபாயம். மேலுதட்டுச் செதில்களில் மூன்றாவது ஒன்று பின்னே கண்ணையும் முன்னே நாசிச் செதிலையும் தொட்டு நிற்பதே விலங்கியலார் நம்பும் அடையாளம். அந்தமான் தீவுகளில் ஓரினமும், வங்கம், அஸாம் முதலிய கீழ்த்திசைப் பிரதேசங்களில் படத்தில் ஒற்றை வட்டக் குறியுள்ள மற்றோரினமும், வடமேற்கெல்லையில் குறியே இல்லாத ஓரினமும் இந்திய எல்லைக்குள் வாழ்கின்றன.

வயல்வரப்பு, கரையான் புற்று, வேலியோரம், தானியக்களஞ்சியம் என எலி உள்ள இடமெல்லாம் நாகம் உண்டு. தவளை, தேரை, பறவை, பிற பாம்பு ஆகியவையும் அதற்கு இரையாகும். பெண் பாம்பு சித்திரை முதல் ஆடி வரையிலான காலத்தில் எலிவளையிலோ புற்றிலோ 10 முதல் 30 முட்டைகள் வரை இட்டு, பெரும்பாலும் அவற்றை விட்டகலாமல் காவல் இருக்கும். ஏறத்தாழ இரண்டு திங்களில் வெளிவரும் குட்டிகள் ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகமாயிருந்தாலும், பிறந்த கணத்திலேயே படமெடுக்கவும் நஞ்சு செலுத்தவும் வல்லன.

நாகமும் சாரையும் பின்னிப் பிணைந்து ஆடும் என்று கிராமங்களில் சொல்வர். அங்ஙனம் பிணைந்து நிமிர்பவை பெரும்பாலும் சாரைப்பாம்பில் ஆண்கள் இரண்டு; பெண்ணின்பொருட்டு ஒன்றையொன்று கீழே அழுத்த முயலும் மல்யுத்தமே அது. மகுடியின் இசைக்கு நாகம் மயங்குவதாகக் கருதுவதும் பொருந்தாது; புறச்செவியற்ற பாம்பு நில அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு உணருமெனினும், பிடாரன் முன் அது அசைவது கண்முன் ஆடும் மகுடியின் போக்கைத் தொடர்ந்தேயாம். பால் பாம்புக்கு உணவன்று. தாகத்தால் வாடவிட்ட பாம்பு எதைக் கொடுத்தாலும் பருகும் என்பதே அதன் உண்மை. ஆயினும் இந்நம்பிக்கைகளின் மறுபுறத்தே, அரசும் வேம்பும் இணைந்த மேடைகளில் நாட்டிய நாகர் கற்களும், நாகர்கோவிலின் நாகராஜர் ஆலயமும், ஈழத்து நயினாதீவின் நாகபூஷணியம்மன் கோயிலும் சான்று பகர்வதுபோல, இத்தேசத்தார் இப்பாம்பைக் கொல்லாது விடுவதற்கு ஆதாரமான ஒரு பக்தியும் தொன்றுதொட்டு நிலவி வருகிறது என்பதை மறக்கலாகாது.

படமெடுப்பவற்றுள் பெரியது ராஜநாகம். இது நாஜா என்னும் பேரினத்தைச் சேர்ந்ததன்று. ஓபியோஃபேகஸ் என்ற தனிப் பேரினம். படம் ஒடுங்கியது, தலையின் பின்புறத்தில் பெரிய செதில்கள் இரண்டு இணையாக இருக்கும். மூன்று நான்கு மீட்டர் வளர்வது சாதாரணம். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் வளர்ந்த ஒன்று 5.71 மீட்டரை எட்டிற்று. பிற பாம்புகளே இதன் முக்கிய உணவு. பாம்புகளுள் வேறெதற்கும் இல்லாத திறன் ஒன்று இதற்குண்டு: பெண் ராஜநாகம் தன் உடல் வளைவுகளால் சருகுகளை வாரிக் குவித்துக் கூடமைத்து, அதனுள் முட்டையிட்டு, அதன்மேலேயே பல வாரம் காவலிருக்கிறது. கருநாடகத்து ஆகும்பேயில் 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தார், பாம்பின் உடலில் வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து, இதன் வாழ்க்கை முறையைப் பற்றிப் பல விவரங்களை வெளிப்படுத்தியுள்ளனர். ஒரே இனமென்று நெடுங்காலம் எண்ணப்பட்ட ராஜநாகம் உண்மையில் நான்கு இனங்கள் என 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது; மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய இனத்துக்கு ஓபியோஃபேகஸ் காளிங்கா என்று பெயர்.

ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் சில நாகங்கள் கடிப்பதோடு அமையாமல் நஞ்சை எதிரியின் கண்களை நோக்கிப் பீச்சுகின்றன. இவற்றின் நச்சுப்பல் துளை முன்னோக்கிச் சிறுத்திருப்பதால், இரண்டு மீட்டர் தூரம் வரை நஞ்சு தெறிக்கும். கண்ணிற்பட்டதை உடனே நிறைய நீரால் கழுவாவிடில் பார்வை கெடும். இத்திறன் ஆப்பிரிக்க நாகங்களிலும், ஆசிய நாகங்களிலும், குட்டி ஈனும் தென்னாப்பிரிக்க ரிங்கால்ஸ் என்னும் பாம்பிலும் மூன்று முறை தனித்தனியே தோன்றியதென்பது 2021ஆம் ஆண்டின் ஆராய்ச்சி முடிவு.

நாகத்தின் நஞ்சு பல புரதங்களின் கலவை. அவற்றுள் மிகவும் அஞ்சத்தக்கவை நரம்பு நஞ்சுகள். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசையின் ஏற்பிகளைச் சேர்வதால்தான் தசை சுருங்குகிறது. நஞ்சின் மூலக்கூறுகள் அவ்வேற்பிகளை முந்திச்சென்று அடைத்துக்கொள்வதால் கட்டளை தசைக்கு எட்டாது நின்றுவிடும். முதலில் இமைகள் சரியும், பேச்சு குழறும், விழுங்க இயலாது, இறுதியில் மார்புத் தசைகளும் செயலிழந்து மூச்சு நிற்கும். நோயாளி பேசவும் அசையவும் முடியாத அந்நிலையிலும் அவருக்கு அறிவு தெளிவாக இருக்கக்கூடும் என்பதைச் சுற்றியிருப்போர் உணர்ந்திருத்தல் வேண்டும். கடிவாயைச் சூழ்ந்த தசையை அழுகச் செய்யும் வேறு நஞ்சுகளும் உடனிருப்பதால், உயிர் பிழைத்தோரிற் சிலர் விரலையோ காலையோ இழக்க நேர்கிறது. கீரியின் தசை ஏற்பி நாக நஞ்சு பற்றிக்கொள்ள இயலாதபடி மாறியமைந்தது. கீரி துணிந்து பொருதுவதற்கு அதன் சுறுசுறுப்போடு இதுவும் காரணம்.

கடிபட்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட அங்கத்தை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாது தாங்கி, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது. இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மந்திரவாதியிடம் காலம் போக்குதல் ஆகியவை கேடே தரும். நஞ்சு முறிவு மருந்தோடு, சுவாசத்தைக் காக்கும் கருவியும், நியோஸ்டிக்மைன் என்னும் ஊசி மருந்தும் நாகக்கடியில் உயிர் காக்க வல்லன. மூச்சைச் சில மணி நேரம் தாங்கிப் பிடித்துவிட்டாலே மீண்டெழுந்தோர் அநேகர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர், மாண்டனர் என்று 2020ஆம் ஆண்டில் வெளியான கணக்கு கூறுகிறது. மாண்டவரிற் பெரும்பாலோர் கிராமத்தார். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு இவ்வளவு காலம் சென்றது வருந்தத்தக்கதே.

பாம்புக்கடிக்கு மருந்து தேடிய வரலாறு நீண்டது. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796ஆம் ஆண்டில் பெருநூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல், அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த, பாஷாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் ஆராய்ந்து பார்த்தார். ஸைகோனில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தை நடத்திய ஆல்பர்ட் கால்மெட், நாக நஞ்சைச் சிறிது சிறிதாகப் பிராணிகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதிநீரில் தோன்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு 1890களில் முதல் முறிவு மருந்தைச் செய்தார். அம்மருந்து எல்லாப் பாம்புக்கும் உதவும் என அவர் எண்ணியது பிழையென்று ஆஸ்திரேலியப் பாம்புகளை ஆராய்ந்தோர் விரைவில் காட்டினர். இந்தியாவில் இன்று குதிரைகளின் குருதிநீரிலிருந்து செய்யப்படும் மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது.

அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சிற் பெரும்பகுதியைத் தருபவர்கள் செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் என்னும் பழங்குடியினர். தடத்தையும் வளையின் வாயையும் பார்த்தே உள்ளிருப்பது எப்பாம்பென்று அறியும் திறம் பெற்ற இம்மக்கள் முன்பு பாம்புத் தோலை விற்றுப் பிழைத்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அவ்வாணிகம் நின்றுபோக, பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பிடித்த பாம்புகளை மணல் இட்ட மண்பானைகளில் வைத்து, சில வாரங்களுக்குள் சில முறை மட்டும் நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். இவ்வினத்தவரான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கல்வி நூல்களில் இடம்பெறாத அவர்களது அறிவு தேசத்தின் மருத்துவத்துக்கு எத்துணை ஆதாரமானது என்பதை அவ்விருது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

ஆனால் ஒரே இனத்துப் பாம்பின் நஞ்சும் பிரதேசத்துக்குப் பிரதேசம் கலவையில் மாறுபடுகிறது. தமிழகப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வடமேற்கிலும் வடகிழக்கிலும் உள்ள நாகங்களின் கடிக்கு அத்துணைப் பயன் தருவதில்லை. ஒற்றை வட்டக் குறியுள்ள நாகத்தின் நஞ்சுக்கு அதன் ஆற்றல் குறைவு. ராஜநாகத்தின் நஞ்சையோ அது முறிப்பதேயில்லை. ஆதலின் அவ்வப் பிரதேசத்துப் பாம்புகளின் நஞ்சையே சேர்த்துத் தனித்தனி மருந்து செய்யவேண்டுமென்று ஆராய்ச்சியாளர் வற்புறுத்தி வருகின்றனர். நல்ல பாம்பின் மரபணுத்தொகுதி முழுவதும் 2020ஆம் ஆண்டில் படித்தறியப்பட்டமையால், குதிரையின் துணையின்றியே எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் முயற்சிக்கும் வழி திறந்திருக்கிறது.