நாடு கடத்தப்பட்டவரும் ஓர் ஆங்கிலப் பள்ளியும்

1883ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கொழும்புத் துறைமுகத்தில் எகிப்திலிருந்து வந்த கப்பலொன்றைக் காண முஸ்லிம்கள் திரளாகக் கூடினர். அதிலிருந்து இறங்கியவர் அஹ்மத் உராபி பாஷா. இலங்கையிலுள்ள நம் முன்னோர் அவரை ஒராபி பாஷா என்று அன்போடு அழைத்தனர். எகிப்தின் போர் அமைச்சராக இருந்து ஆங்கிலேயரை எதிர்த்துப் படை நடத்தியவர் அவர். 1882 செப்டம்பர் 13 அன்று தல்லுல் கபீர் போரில் தோல்வியுற்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. அவரோடு வேறு ஆறு தலைவர்களும் குடும்பங்களுடன் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

தம் நாட்டைப் பறித்தவர்களின் மொழியை இந்த மனிதர் வெறுத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்நிய மண்ணில் வாழ்ந்த காலத்தில் அவர் தாமே ஆங்கிலம் பயின்றார். அம்மண்ணின் முஸ்லிம் பிள்ளைகளும் அம்மொழியைக் கற்க வேண்டுமென விரும்பி, அதற்கென ஒரு பள்ளி எழத் துணை நின்றார். அவர் வழியாக இலங்கை முஸ்லிம்களிடையே பரவிய துருக்கித் தொப்பியைப் பலர் இன்றும் நினைவுகூர்கின்றனர். அந்தப் பள்ளியின் தொடக்கக் கதையோ பலருக்குத் தெரியாது.

அக்காலத்து இலங்கை முஸ்லிம்கள் கல்வியறிவற்றவர்கள் அல்லர். பிள்ளைகள் திண்ணைகளிலும் பள்ளிவாசல்களிலும் குர்ஆன் ஓதக் கற்றனர். அரபுத் தமிழில் எழுதவும் படிக்கவும் பழகினர். வணிகக் கணக்கைத் தந்தையரிடமே பயின்றனர். ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதில்தான் பெற்றோர்க்குத் தயக்கம் இருந்தது. அத்தயக்கத்திற்குக் காரணமும் இருந்தது. ஆங்கிலப் பள்ளிகளுள் மிகப் பல கிறித்தவ மிஷன்களின் பொறுப்பில் இருந்தன. ஐரோப்பியரைப் பற்றிய பழைய நினைவுகளும் மறையவில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் தந்து கிழக்குக் கரையில் குடியமர்த்தினார். இத்தகைய வரலாற்றைச் சுமந்த சமூகம், தன் பிள்ளையின் ஈமான் போய்விடுமோ என அஞ்சியது இயல்பே.

இவ்வச்சம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதற்கும், 1886இல் கொழும்பில் பௌத்தர்களுக்கென ஆனந்தா கல்லூரி எழுந்ததற்கும் பின்னால் இதே கவலை இருந்தது. தம் சமயத்தை இழக்காமல் காலத்திற்கேற்ற கல்வியைப் பெறுவது எப்படி என்ற கேள்விக்கு ஒவ்வொரு சமூகமும் தனக்குரிய விடையைத் தேடியது.

முஸ்லிம்களிடையே அவ்விடையைத் தேடியவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை. வழக்குரைஞரான அவர் தமிழ், அரபு, ஆங்கிலம் ஆகிய மொழிகளை அறிந்தவர். பாஷா கொழும்பில் இறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1882 டிசம்பரில், ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கியிருந்தார். 1885இல் அவர் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று; அதன் கதையும் எகிப்திலேயே தொடங்குகிறது. ஆங்கிலக் கல்வியை ஒதுக்கிவிட்டால் அரசுப் பணி, நீதிமன்றம், பெருவணிகம் ஆகிய அனைத்தும் முஸ்லிம்களுக்கு எட்டாதவையாகிவிடும் என்பதை அவர் கண்டார். பிறருடைய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப அஞ்சும் பெற்றோர்க்கு, நமக்கென ஒரு பள்ளியை அமைத்துக் கொடுப்பதே வழி எனத் துணிந்தார்.

1884இல், கொழும்பு புதிய சோனகத் தெருவில், ‘அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமியா’ என்னும் சிறிய பள்ளி திறக்கப்பட்டது. மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் என்பதே அதன் நோக்கம். ஒராபி பாஷாவின் ஆதரவும் இம்முயற்சிக்குக் கிடைத்தது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவரே ஆங்கிலப் பள்ளியை ஆதரிக்கும்போது, அம்மொழியைக் கற்றால் மார்க்கம் கெட்டுவிடும் என்னும் வாதம் வலுவிழந்தது.

ஆயினும் அப்பள்ளி நிலைக்கவில்லை. சமூகத்தின் ஆதரவு போதாமல் சில ஆண்டுகளில் நலிவுற்றது. சித்தி லெப்பை சோர்ந்துவிடவில்லை. இதழில் எழுதினார், ஊர் ஊராகச் சென்று பேசினார். கண்டியில் பெண்பிள்ளைகளின் கல்விக்கும் வழி செய்தார். அதில் அவருடைய சகோதரியும் துணை நின்றார்.

முதற்பள்ளி தொடங்கி எட்டு ஆண்டுகள் கழிந்தபின், 1892 ஆகஸ்ட் 22 அன்று, கொழும்பு மருதானையில் ‘அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா’ பிறந்தது. ஒராபி பாஷா அதன் புரவலராக இருந்தார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியவர் எனப் புகழ்பெற்ற வாப்பிச்சி மரைக்கார் அதன் வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தார். எழுத்தால் சமூகத்தை எழுப்பியவர் ஒருவர், செல்வமும் செயல்திறனும் தந்தவர் ஒருவர், தம் மதிப்பையே மூலதனமாகத் தந்த வெளிநாட்டவர் ஒருவர் என மூவரும் சேர்ந்தபோது பள்ளி வேரூன்றியது.

அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. 1921இல் டி.பி. ஜாயா அதன் அதிபராகப் பொறுப்பேற்றபின் நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக உயர்ந்தது. கம்பளை, மாத்தளை, புத்தளம், அளுத்கமை ஆகிய ஊர்களிலும் அப்பெயர் தாங்கிய கல்லூரிகள் உள்ளன. சித்தி லெப்பை 1898இல் மறைந்தார். பாஷா 1901இல் தாயகம் திரும்ப அனுமதி பெற்று, 1911இல் கெய்ரோவில் காலமானார். தாம் நட்டது மரமாகி நின்றதை இருவரும் காணவில்லை.

இன்று வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம் குடும்பங்கள் பல, விடுமுறை நாட்களில் வீட்டின் முன்னறையிலோ பள்ளிவாசலின் ஓர் அறையிலோ பிள்ளைகளைக் கூட்டி ஏதேனும் கற்பிக்க முயல்கின்றன. ஆங்கிலம் தெரியாமல் புதிதாக வந்த சகோதரிக்கு அம்மொழியைச் சொல்லிக் கொடுப்போரும் உண்டு. தமிழும் குர்ஆனும் மறந்து போகாதிருக்க வகுப்பு நடத்துவோரும் உண்டு. முதல் மாதம் பத்துப் பேர் வருவர். ஆறாம் மாதம் மூவர் எஞ்சுவர். அப்போது மனம் தளரும். புதிய சோனகத் தெருப் பள்ளியின் வரலாறு அத்தகையோருக்கு ஆறுதல் தரும். அம்முதல் முயற்சி இல்லையேல், எட்டு ஆண்டுகளுக்குப்பின் மருதானையில் பள்ளி அமைக்க முன்வந்தோர்க்குப் பட்டறிவும் இருந்திராது. தம் பிள்ளையை அங்கு அனுப்பும் துணிவு பெற்றோர்க்கும் வந்திராது.

நம் மார்க்கத்தின் முதல் கட்டளை ‘ஓதுவீராக’ என்பதே. அதை நிறைவேற்ற நாம் எடுக்கும் சிறு முயற்சிகளையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.